கணினி சரி என்ற கூரை ஏன் விழுகிறது? மெல்லிய கட்டமைப்புகளின் கணக்கு

எங்காவது ஒரு கூரை சரிந்துவிட்டால் மறுநாள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுத்தானே கட்டுனாங்க?" 2009 ஜூன் 2ஆம் தேதி மலேசியாவின் கோலத் திரங்கானுவில் சுல்தான் மிசான் ஜைனல் அபிடின் விளையாட்டரங்கின் கூரை விழுந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். அரங்கம் திறந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

கணினி தப்பாகக் கூட்டிக் கழித்ததால் இப்படிப்பட்ட கூரைகள் விழுவதில்லை. எந்தக் கணக்கைப் போடச் சொன்னோமோ அதை அது சரியாகவே போடுகிறது. மெல்லிய கட்டமைப்பு என்று வரும்போது, வழக்கமான கணக்கு போதாத இடங்கள் சில இருக்கின்றன. அந்த இடங்கள் எவை என்று பொறியாளர் அல்லாதவர்களும் புரிந்துகொள்ள முடியும். பினாங்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். இங்கே கூரைகளுக்கு மட்டுமல்ல, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் செய்யப்படும் சிப்புகளுக்கும் இதே கணிதம்தான்.

மெல்லியது என்றால் எவ்வளவு மெல்லியது?

தடிப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வளைவின் ஆரத்தைத் தடிப்பால் வகுத்து வரும் விகிதம்தான் முக்கியம். பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கண்ணில் படும் எண்ணெய்த் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் இரும்புச் சுவரும் உள்ள ஒரு தொட்டிக்கு அந்த விகிதம் 1,875. கடையில் வாங்கும் 100பிளஸ் குளிர்பான டின்னின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஆரம் 33 மில்லிமீட்டர். அதன் விகிதம் 330. கையில் எடுத்தால் இரும்புத் தகடு கனமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கில் அந்தத் தொட்டி டின்னைவிடப் பல மடங்கு மெல்லியது.

ஒரு தகடு சுமையை இரண்டு வழிகளில் தாங்கும். ஒன்று, தன் பரப்பின் போக்கிலேயே இழுபட்டோ அமுக்கப்பட்டோ தாங்குவது. இதற்குச் சவ்வு விசை என்று பெயர். மற்றது, வளைந்து தாங்குவது. சவ்வு வழியில் விறைப்பு தடிப்புக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வளையும் வழியிலோ தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப இருக்கும். தடிப்பைப் பாதியாக்கினால் சவ்வு விறைப்பு பாதியாகும். வளைவு விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். கீழே வரும் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பவைதான்.

நல்ல வடிவமைப்பாளர் மெல்லிய கூரைக்குச் சுமையைச் சவ்வு விசையாக மாற்றும் உருவத்தைத் தேடுவது இதனால்தான். கோலாலம்பூரில் 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலின் கூரையில் கான்கிரீட்டை மடிப்பு மடிப்பாக மடித்து, பாதி விரிந்த குடையின் உருவத்தைக் கொடுத்தார்கள். ஜார்ஜ்டவுன் கொம்தாரின் கோளக் கூரையில் (இப்போது டெக் டோம் அறிவியல் மையம் இருக்கிறதே, அதுதான்) முக்கோண வலைப்பின்னல் அந்த வேலையைச் செய்கிறது. உருவம்தான் பலம். அதனால் உருவம் கொஞ்சம் கெட்டாலும் பலம் நிறையக் கெடும்.

கணினி என்ன செய்கிறது?

பெரும்பாலும் பயன்படுவது ஃபைனைட் எலிமெண்ட் முறை. விமான இறக்கைகளைக் கணக்கிட 1950களில் வளர்ந்த முறை இது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை இதில் ஒரு மைல்கல். 1960இல் இந்தப் பெயரை வைத்தவர் கிளஃப். கட்டமைப்பைச் சிறு சிறு துண்டுகளாக, அதாவது எலிமெண்டுகளாகப் பிரிக்கிறோம். துண்டுகள் சந்திக்கும் புள்ளி கணு. மொத்த அமைப்பு வலை. ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகரும், எவ்வளவு திரும்பும் என்பவை தெரியாத எண்கள். விறைப்பு, சுமை இரண்டையும் கொடுத்தால் கணினி அந்த எண்களைக் கண்டுபிடிக்கிறது. ஒரு கணுவுக்கு 6 எண்கள் என்றால் 1 லட்சம் கணுக்களுக்கு 6 லட்சம் சமன்பாடுகள். இன்றைய மடிக்கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை.

சரி, மெல்லிய பொருளையும் அப்படியே குட்டிக் கனசதுரங்களாக வெட்டிவிடலாமே? அந்த டின்னின் சுவரை 0.1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால், 110 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரே அடுக்கிலேயே சுமார் 23 லட்சம் துண்டுகள் வரும். ஒரு அடுக்கு வைத்து வளைவைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது. அதனால்தான் ஷெல் எலிமெண்ட் வந்தது. (ஷெல் என்றால் முட்டை ஓடு போன்ற மெல்லிய வளைந்த பரப்பு; இனி ஓடு, மெல்லோடு என்பதெல்லாம் இதைத்தான்.) அதற்குக் கணக்கில் பரப்பு மட்டுமே உண்டு. தடிப்பு ஒரு எண்ணாக உள்ளே இருக்கும். 2 மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் 6,000க்கும் குறைவான துண்டுகளில் டின் முடிந்துவிடும்.

தடிப்பை எண்ணாக மாற்றும்போது, அந்தத் தடிப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஓர் அனுமானம் தேவைப்படுகிறது. 1850இல் கிர்ஹாஃப் தகட்டுக்கும், 1888இல் லவ் வளைந்த ஓட்டுக்கும் வைத்த அனுமானம் எளிமையானது. பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், தகடு வளைந்த பிறகும் அது செங்குத்தாகவே இருக்கும் என்பதே அது. 1945இல் ரெய்ஸ்னரும் 1951இல் மிண்ட்லினும் இதைத் தளர்த்தி, கோடு கொஞ்சம் சாயலாம் என்றார்கள். அந்தச் சாய்வுக்குப் பெயர் ஷியர். கணினியில் எழுதுவதற்கு இரண்டாவதுதான் சுலபம். பெரும்பாலான மென்பொருள்கள் அதையே எடுத்துக்கொண்டன. முதல் சிக்கலும் அதோடுதான் வந்தது.

முதல் சிக்கல்: இல்லாத விறைப்பு

நான்கு கணு கொண்ட சாதாரண எலிமெண்டுக்கு நேர்விளிம்புதான் தெரியும். உண்மைத் தகடு வளையும்போது விளிம்பும் வளைய வேண்டும். இந்த எலிமெண்டால் அது முடியாது. ஆகவே அது, உண்மையில் நடக்காத ஒரு ஷியரைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வளையும் ஆற்றல் தடிப்பின் மூன்றாம் அடுக்கில் குறையும். இந்தப் பொய் ஷியர் ஆற்றலோ தடிப்பின் முதல் அடுக்கில்தான் குறையும். 10 மில்லிமீட்டர் எலிமெண்டில் தடிப்பு 1 மில்லிமீட்டர் என்றால், பொய் ஆற்றல் உண்மையைவிட நூறு மடங்கு அளவில் இருக்கும். தடிப்பு 0.1 மில்லிமீட்டர் ஆனால் பத்தாயிரம் மடங்கு. தகடு கணினிக்குள் பூட்டுப் போட்டது போல நின்றுவிடும். இதற்கு லாக்கிங் என்றே பெயர்.

இந்தப் பிழை ஆபத்தான பக்கத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். தொய்வு குறைவாகக் காட்டும். கூரை பலமாக இருப்பதாகத் தோன்றும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

தீர்வுகள் உண்டு. 1971இல் ஜியன்கீவிச், டெய்லர், டூ ஆகியோர், எலிமெண்டுக்குள் கணக்கெடுக்கும் புள்ளிகளைக் குறைத்தால் பூட்டு தளர்வதைக் காட்டினார்கள். அப்புறம் அதிலும் ஒரு தொல்லை இருந்தது. புள்ளி மிகக் குறைந்தால் எலிமெண்ட் எந்த எதிர்ப்பும் காட்டாமல் கோணல்மாணலாக ஆடும். 1984இல் துவோர்கினும் பாதேயும் கொண்டுவந்த நான்கு கணு எலிமெண்ட், ஷியரை மட்டும் விளிம்பின் நடுப்புள்ளிகளில் எடுத்து இரண்டு தொல்லைகளையும் ஒருசேரச் சமாளித்தது. இன்று பிரபலமான மென்பொருள்கள் பலவற்றில் அதன் வழிவந்த எலிமெண்டுகள்தாம் இருக்கின்றன.

எலிமெண்ட் நல்லதா என்று பார்க்க ஒரு பழைய பரீட்சை உண்டு: ஸ்கோர்டெலிஸ்-லோ கூரை. 25 அடி ஆரம், 50 அடி நீளம், கால் அடித் தடிப்பு கொண்ட, குழாயை நீளவாக்கில் வெட்டிய துண்டு போன்ற கான்கிரீட் கூரை. தன் எடையில் அதன் ஓர விளிம்பின் நடுப்பகுதி 0.3024 அடி இறங்க வேண்டும். வலையைச் சின்னதாக்கச் சின்னதாக்க விடை எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணுக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். மாணவர்கள் ஒரு மென்பொருளைத் தொட்டதும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

எலிமெண்ட் நல்லதாக இருந்தாலும் வலை மோசமாக இருந்தால் என்ன ஆகும்? நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. சுவர்கள் கூடும் மூலைகளில் வலை சரியில்லாததால், ஷியர் விசையைக் கணக்கு 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறையில் குறை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல்: சட்டென்று மடங்குவது

இதுதான் பெரியது. மெல்லிய கட்டமைப்பு பெரும்பாலும் பொருள் உடைந்து அழிவதில்லை. நெளிந்து, மடங்கி அழிகிறது. பொறியாளர்கள் பக்ளிங் என்பது இதைத்தான்.

அந்த டின்னையே காலி செய்துவிட்டுப் பார்ப்போம். அலுமினிய உருளையை மேலிருந்து அமுக்கினால் எந்தத் தகைவில், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசையில், மடங்கும் என்பதற்கு நூறாண்டுக்கும் மேலான சூத்திரம் ஒன்று உண்டு. 0.605ஐ அலுமினியத்தின் மீள்தன்மை எண்ணால் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண்) பெருக்கி, தடிப்பால் பெருக்கி, ஆரத்தால் வகுக்க வேண்டும். மீள்தன்மை எண் 70,000 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் விசை) என்று வைத்தால் விடை சுமார் 128 மெகாபாஸ்கல். சுவரின் குறுக்குப் பரப்போடு பெருக்கினால் 270 கிலோ எடை. உருளைப் பகுதிக்கு மட்டுமான கணக்கு இது. கணினியில் நேரியல் (சுமை கூடும் அதே விகிதத்தில் நகர்வும் கூடும் என்று வைக்கும்) பக்ளிங் கணக்கு போட்டாலும் ஏறத்தாழ இதே விடைதான் வரும். எவ்வளவு நுணுக்கமான வலை போட்டாலும் மாறாது.

காலி டின்மேல் ஒருவர் நிதானமாக ஏறி நின்றால் அது தாங்கலாம். அவர் நிற்கும்போது இன்னொருவர் பக்கச் சுவரை விரலால் தட்டினால் அந்தக் கணமே நசுங்கிவிடும். விரல் தந்த சுமை ஒன்றுமே இல்லை. அது கொடுத்தது ஒரு சின்னப் பள்ளம் மட்டும்தான்.

ஆய்வுக்கூடங்களிலும் உருளைகள் சூத்திரம் சொன்னதில் பாதியிலும் மூன்றில் ஒன்றிலும் மடங்கியது பல்லாண்டுகள் புதிராகவே இருந்தது. விளக்கியவர் டச்சுக்காரரான கொய்ட்டர். போர் முடிந்த 1945இல் டெல்ஃப்ட் நகரில் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அது டச்சு மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதைப் பிடித்துக்கொள்ள நாளாயிற்று. நாசா ஆங்கிலத்தில் வெளியிட்டது 1967இல். அவர் சொன்னதன் சாரம் இது: உருளைக்கு மடங்கும் வழிகள் பல. அத்தனையும் ஏறத்தாழ ஒரே சுமையில் காத்திருக்கின்றன. உருவத்தில் தடிப்பளவுக்கோ அதற்கும் குறைவாகவோ ஒரு கோணல் இருந்தால் போதும், அந்த வழிகள் ஒன்றோடொன்று கைகோத்து, மிகக் குறைந்த சுமையிலேயே உருளையைச் சாய்த்துவிடும்.

நாசா 1960களில் இதற்கு ஒரு குறைப்பு விதி வகுத்தது. விகிதம் 330 உள்ள உருளைக்கு அந்த விதி தரும் எண் சுமார் 0.39. அப்படியானால் நம் டின்னுக்கு 270 கிலோ அல்ல, 105 கிலோவை வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். அந்த விதி தேவைக்கு மேல் எச்சரிக்கையானது, ராக்கெட்டில் வீண் எடை சேர்கிறது என்று பின்னாளில் நாசாவே 8.4 மீட்டர் விட்டமுள்ள உருளைகளை 2011இலும் 2013இலும் நசுக்கிப் பார்த்தது. அளந்தெடுத்த கோணலைக் கணக்கில் சேர்த்தால் கணினியின் விடை சோதனையோடு நன்றாகவே பொருந்துகிறது. கோணலைச் சேர்க்காவிட்டால் பொருந்தாது.

கணினிக்கு இதில் இன்னொரு தடங்கலும் உண்டு. சுமையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால், மடங்கும் புள்ளியில் விறைப்பு பூஜ்யமாகிவிடும். கணக்கு அங்கேயே நின்றுவிடும். சுமையை மட்டும் ஏற்றாமல், சுமையும் நகர்வும் சேர்ந்த பாதையில் அடி எடுத்து வைக்கும் முறையை 1970களில் ரிக்ஸ் உருவாக்கினார். பிறகு கிரிஸ்ஃபீல்ட் அதைச் செம்மையாக்கினார். அதன் பிறகுதான் மடங்கியபின் என்ன ஆகும் என்பதையும் பின்தொடர முடிந்தது.

திரங்கானு கூரையில் நடந்தது

அந்தக் கூரை தொடர்ச்சியான மெல்லிய ஓடு அல்ல. குழாய்களைக் கோத்துச் செய்த இரட்டை அடுக்கு வலைப்பின்னல். ஆனால் நீண்ட அகலத்தைத் தாழ்வான வளைவில் தாண்டியதால் அது மெல்லோடு போலவே நடந்துகொள்ளும். அரசு அமைத்த விசாரணைக் குழு, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பல குறைகளைச் சுட்டிக்காட்டியது. கூரையைத் தாங்கும் இடங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நிலைப் பகுப்பாய்வு தேவைப்பட்டும் செய்யப்படவில்லை. நம் பேச்சுக்கு இந்த இரண்டும் போதும்.

இரண்டாம் நிலை என்பது சிக்கலான விஷயமில்லை. வழக்கமான கணக்கு, சுமை ஏறிய பிறகும் கூரை பழைய உருவத்திலேயே இருப்பதாக நினைத்துச் சமன்பாடு எழுதும். இரண்டாம் நிலைக் கணக்கு, இறங்கிய உருவத்தில் எழுதும். 100 மீட்டர் அகலமும் நடுவில் 5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கால்களும் சேர்ந்து 2 சென்டிமீட்டர் விலகினால், நடுப்பகுதி சுமார் 7.5 சென்டிமீட்டர் இறங்கும். உயரம் குறையக் குறையப் பக்கவாட்டு உந்தல் கூடும். உந்தல் கூடினால் கால்கள் இன்னும் விலகும். வீட்டுத் தளத்துக்கு இது பொருட்டே அல்ல. தாழ்வான பெரிய கூரைக்கு இதுதான் எல்லாமே.

பாயான் லெப்பாஸில் இதே கணக்கு

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கி, இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்ததிலிருந்து பினாங்கின் சோறு சிப்புகளைக் கட்டி முடிப்பதில்தான் பெரிதும் இருக்கிறது. அங்கே தினமும் கேட்கும் சொல் வார்பேஜ், அதாவது தகடு கோணிக்கொள்வது.

சிப்புகள் செய்யப்படும் வட்டத் தகடான வேஃபரில், 300 மில்லிமீட்டர் சிலிக்கான் வேஃபரின் வழக்கமான தடிப்பு 775 மைக்ரான். அடுக்கி வைக்கும் சிப்புகளுக்காக அதை 50 மைக்ரான் வரை தேய்க்கிறார்கள். வளைவு விறைப்பு சுமார் 3,700இல் ஒரு பங்காகிறது. மேலே படிந்த படலத்தின் இழுப்பு மாறாமல் இருந்தால், 1909இல் ஸ்டோனி தந்த சூத்திரப்படி வளைவு 240 மடங்காகும். ஆனால் அந்தச் சூத்திரம் சிறிய வளைவுக்கு மட்டும்தான். அளவு மீறினால் வேஃபர் கிண்ணம் போலக் குழியாமல், ஒரு பக்கமாகப் பாய் போலச் சுருளும். நேரியல் கணக்கு கடைசி வரை கிண்ணத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் கை வேஃபரை எங்கே பிடிக்க வேண்டும் என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

அப்புறம் சூடு. சிலிக்கான் ஒரு டிகிரிக்கு 10 லட்சத்தில் 2.6 பங்கு விரியும்; செம்பு 17 பங்கு. ஈயமில்லா சால்டரை, அதாவது சிப்பைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பற்றுப்பொருளை, உருக்கும் அடுப்பு 260 டிகிரி வரை போகும். அங்கிருந்து 30 டிகிரிக்கு இறங்கும்போது, 10 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 33 மைக்ரான். ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்த வித்தியாசம் வளைவாக வெளிப்படுகிறது. சிப்பைப் பொதியும் பிசின் சுமார் 120 முதல் 150 டிகிரிக்குள் தன் குணத்தை மாற்றி, அதற்கு மேல் பல மடங்கு விரியும். அதனால் அறை வெப்பத்தில் ஓரம் கீழே தொங்கும் பேக்கேஜ் (பிசினில் பொதிந்த சிப்பு), அடுப்புக்குள் ஓரம் மேலே தூக்கிக்கொள்ளக்கூடும். லைனில் இருப்பவர்கள் ஒன்றை க்ரையிங் என்றும் மற்றதை ஸ்மைலிங் என்றும் சொல்வார்கள். ஒரே வெப்பநிலையில் மட்டும் ஓட்டிய கணக்கு இங்கே பாதி உண்மைதான்.

புதிதாக வந்தது

2005இல் ஹியூஸ், காட்ரெல், பசிலெவ்ஸ் மூவரும் ஐசோஜியோமெட்ரிக் முறையை முன்வைத்தார்கள். வரைபட மென்பொருளில் இருக்கும் வழவழப்பான வளைவையே, வலையாக வெட்டாமல் நேராகக் கணக்குக்கு எடுப்பது. மெல்லோட்டுக்கு இதில் தனி லாபம் உண்டு. கிர்ஹாஃபின் பழைய அனுமானத்துக்குத் துண்டுகள் சேரும் இடத்தில் சரிவும் முறியாமல் தொடர வேண்டும். சாதாரண எலிமெண்டில் அது வராது. இந்த வளைவுகளில் இயல்பாகவே வரும். திருப்பக் கோணங்களும் தேவையில்லை, புள்ளிக்கு 3 எண்கள் போதும். ஆனால் கோணலும் தாங்குமிடமும் பற்றிய பொறுப்பு இதிலும் மனிதருடையதுதான்.

ஓர் அறிக்கை கைக்கு வந்தால் என்ன கேட்பது?

பள்ளி மண்டபமோ கோயில் கல்யாண மண்டபமோ, அகலமான மெல்லிய கூரை போடும் எந்தக் குழுவும் தன் பொறியாளரிடம் இவற்றைக் கேட்கலாம்.

1. எந்த வகைப் பகுப்பாய்வு? ஓட்டுக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இவற்றைப் பெயர் வைத்தே பிரிக்கிறது. எல்.ஏ. என்றால் வெறும் நேரியல் கணக்கு. எல்.பி.ஏ. என்றால் நேரியல் பக்ளிங், டின்னுக்கு 270 கிலோ சொன்ன வகை. ஜி.எம்.என்.ஐ.ஏ. என்றால் உருவ மாற்றம், பொருளின் இளக்கம், கோணல் மூன்றும் சேர்ந்தது. அறிக்கையில் முதலாவது மட்டும் இருந்தால் ஏன் அது போதும் என்று விளக்கம் வேண்டும்.

2. எவ்வளவு கோணல் வைத்தீர்கள்? அந்த அளவுக்குள்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தளத்தில் அளந்தது யார்?

3. வலையைப் பாதியாக்கிப் பார்த்தீர்களா? விடை கணிசமாக மாறினால் முதல் விடையை நம்பக்கூடாது.

4. தாங்குமிடம் அசையாது என்று வைத்தீர்களா, அசையும் என்று வைத்தீர்களா? தூண் எவ்வளவு நகரும்?

5. தற்காலிக முட்டுகளை எடுத்ததும் எவ்வளவு இறங்க வேண்டும், எவ்வளவு இறங்கியது? எல்லாவற்றிலும் மலிவான சோதனை இதுதான். ஒரு சர்வேயரும் ஒரு காலைப் பொழுதும் போதும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கக் கூரையும் கணினியில் வடிவமைத்த வலைப்பின்னல்தான். கட்டும்போதே அளந்த தொய்வு, கணக்கு சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். 1978 ஜனவரி 18ஆம் தேதி விடியுமுன், பனியின் எடையில் அந்தக் கூரை விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புவரை சுமார் 5,000 பேர் அதன் கீழே உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.